சம்பந்தி வந்தாலும் எழுந்திருக்காதீர்கள்

1

தோளில் பை, கையில் அறுந்துபோன செருப்பு. ரொட்டிக்கடை முதலாளி வாசலில் நின்று ஏதோ கத்தியது, சாலை வளைவு திரும்பும்வரை கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. குடையை மறந்துவிட்டுப் போகிறேன் என்றுதான் கத்தினாராம். பிற்பாடு அவரே சொன்னார்.

எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. சம்பளம் ஒழுங்காக வந்தது, சாப்பாடு கடையிலேயே. ஆனால் ஒரு வேலை கைக்குப் பழகிவிட்டால் எனக்குக் காலில் அரிப்பு வந்துவிடும். புதுவயல் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினேன். அங்கே வரும் லாரி ஒன்றில் கிளீனராகத் தொற்றிக்கொண்டேன். திருப்பூரில் பனியன் மடித்தேன். பிறகு மலேசியா வந்து மரம் அறுத்தேன், கோழிப் பண்ணையில் கிடந்தேன், கடைசியில் இந்த லங்காவித் தீவில் ரொட்டி வீசினேன். ஒன்பதாவதைப் பாதியில் விட்டவனுக்கு இத்தனை வேலை கிடைத்ததே பெரிது.

அன்று, அக்கரையில் ஒரு கையுறை ஆலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் புறப்பட்டிருந்தேன். மாலைக் கப்பலைப் பிடித்தால் இருட்டுவதற்குள் அங்கே சேர்ந்துவிடலாம். தார்ச்சாலை சுட்டது. ஒரு காலில் செருப்போடு நொண்டுவதைவிட இரண்டையும் கழற்றிவிடுவது நல்லது என்று வெறுங்காலோடு நடந்தேன்.

என் மனைவி ருகையா இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். என் புறப்பாடுகள் அவளுக்குப் பழகிவிட்டன. "இந்தத் தடவை எத்தனை சட்டை வைக்க?" என்றுதான் கேட்டாள்.

"ரெண்டு போதும்."

"அப்ப சீக்கிரம் வந்துருவீக" என்றாள். என்னோடு பேசிப் பேசி எங்கள் ஊர்ப் பேச்சு அவளுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

2

இதை இப்போது எழுதுவதற்கு என் தம்பி காரணம். போன வாரம் புதுவயலிலிருந்து பேசினான். ஆலையில் வேலை பார்க்கிறவர்கள் வேன் பிடித்துக் குடும்பத்தோடு சுற்றுலா போகிறார்களாம். போகிற இடத்தில் படகுச் சவாரியும் உண்டாம்.

"தண்ணிக்கு நடுவுல கெடக்குற ஆளு, நீ சொல்லு. எதுவும் பாத்து நடந்துக்கணுமா?"

"உக்காந்த எடத்துலயே உக்காந்திருங்க. யாரு வந்தாலும் எந்திரிக்காதீக."

சிரித்தான். "இதைச் சொல்றதுக்கு மலேசியாவுல ஒரு ஆளு!"

போனில் அவனுக்கு விளக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் தண்ணீர் என்றால் கண்மாய், ஊருணி, கிணறு. ஊருணி குடிப்பதற்கு, அதில் காலை வைத்தால் முதுகில் அடி விழும். நீச்சல் பழகுவது கண்மாயில். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டித் தள்ளிவிடுவார்கள். நான் பழகும்போது குடுக்கை போய் பிளாஸ்டிக் கேன் வந்திருந்தது. மழை பொய்த்த வருஷம் அதே கண்மாயில் கிரிக்கெட் ஆடுவோம். ஆக, எங்களுக்குத் தண்ணீர் தெரியும். படகு தெரியாது. இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொள்வதில்தான் வம்பு.

இன்னொன்று, எழுந்து நிற்பது. எங்கள் அத்தா வீட்டுக்குள் நுழைந்தால் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்துவிடுவோம். விருந்தாளி வந்தால் வீடே எழுந்து நிற்கும். எழாதவனை ஊர் மறக்காது. இங்கே வந்த புதிதில் குடிநுழைவு அலுவலகத்தில் என் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க நின்றேன். அது மனைவியின் பேரில் வருவது, வருஷா வருஷம் போய் நிற்க வேண்டும். அதிகாரி "டூடோக் மானா?" என்று கேட்டார். எங்கே குடியிருக்கிறாய் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த மலாயில் டூடோக் என்றால் உட்கார். உட்காரச் சொல்கிறார் என்று நினைத்து, "பரவாயில்லை ஐயா, உங்கள் முன்னால் நிற்கிறேன்" என்று அரைகுறை மலாயில் கும்பிடாத குறையாகச் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். அன்று முத்திரை சீக்கிரம் விழுந்தது.

என் மகள் நூரா அப்படியில்லை. மலாய்ப் பள்ளியில் படிக்கிறாள். யார் வந்தாலும் இருந்த இடத்திலிருந்தே சலாம் சொல்வாள். ஊரிலிருந்து என் மாமா வந்தபோதும் அப்படித்தான். "எந்திரிம்மா" என்றேன். "ஏன் அத்தா, அவங்களுக்கு உக்கார எடம் இருக்கே?" என்றாள். அதிலிருந்து எனக்குள் ஒரு முள். பிள்ளை கையைவிட்டுப் போகிறாளே என்று.

3

கப்பல் நிலையத்துக்குப் போகும் வழியில் சிறு படகுகளின் துறை ஒன்று உண்டு. அதைத் தாண்டும்போது "இங்குட்டு வாங்க, இங்குட்டு!" என்று ஒரு படகுக்குள் யாரோ யாரையோ கூப்பிடும் குரல். கால் தானாக நின்றுவிட்டது. இந்தத் தீவில் தமிழ் கேட்கும். எங்கள் ஊர் 'இங்குட்டு' கேட்காது.

அலையாத்திக் காட்டைச் சுற்றிக்காட்டும் படகு அது. படகுக்காரர் அஸ்மான் மலாய்க்காரர். எங்கள் கடைக்கு தினமும் தேநீர் குடிக்க வருகிறவர். அவர் இரண்டு கைகளையும் தராசுத்தட்டு மாதிரி ஏற்றி இறக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். படகில் இருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. படகு வலப்பக்கம் சாய்ந்து நின்றது.

காரைக்குடிக் குடும்பம். கல்யாணம் முடிந்து ஒரு மாதம்தான். மாப்பிள்ளைக்குக் கோலாலம்பூரில் வேலை என்பதால் பெண்ணைக் கொண்டுவந்து விட இரண்டு வீட்டாரும் வந்து, அப்படியே தீவையும் பார்க்கக் கிளம்பியிருந்தார்கள். பெண்ணின் அப்பா சொக்கலிங்கம். மாப்பிள்ளையின் அப்பா வயிரவன். கல்யாணப் பந்தலில் உட்கார்ந்தது மாதிரியே படகிலும் உட்கார்ந்திருந்தார்கள்: பெண் வீட்டார் வலப்பக்கம், மாப்பிள்ளை வீட்டார் இடப்பக்கம். பெண் வீட்டில் ஏழு பேர், அவர்கள் மூன்று பேர். படகு வேறு எப்படி நிற்கும்?

பெண் மெய்யம்மை அம்மாவின் பக்கத்தில் இருந்தாள். அம்மா, வள்ளியம்மை ஆச்சி, அவளை விலாவில் இடித்தார். "நீ இனிமே அங்குட்டுடி. அங்க போய் உக்காரு." அவள் எழுந்து போய் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தாள். படகு ஒரு விரற்கடை நிமிர்ந்தது.

இதைவிட வேடிக்கை வயிரவனின் ஆசனம். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, அடியில் ஆரஞ்சு நிறத்தில் நாலைந்து லைஃப் ஜாக்கெட்டுகள். சம்பந்திக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று பெண் வீட்டார் அடுக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். "அண்ணே, அது உக்கார்றதுக்கு இல்ல, போட்டுக்கிறதுக்கு" என்றேன்.

எல்லாத் தலையும் திரும்பியது. சொக்கலிங்கத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "தம்பிக்கு எந்த ஊரு?"

"புதுவயலுண்ணே. பேரு ஜமாலு."

"அட, நம்ம பக்கத்து ஆளு! வாங்க பாய், ஏறுங்க. இவரு கையை ஏத்தி எறக்குறதப் பாத்துக் கூடக் கொறைய வெல பேசுறாருன்னு நெனச்சேன்."

அஸ்மான் என்னிடம் மலாயில் கொட்டினார். மேலே துறை அதிகாரி நின்று பார்க்கிறார். சாய்ந்த படகும் ஜாக்கெட் இல்லாத ஆட்களுமாகக் கிளம்பினால் லைசென்ஸ் போய்விடும். "அது கிடக்கட்டும். அந்த வெள்ளைச் சட்டைக்காரர் தண்ணீரில் விழுந்தால் நான் எந்த பாஷையில் சொல்லி அவரைத் தூக்குவேன்?" என்றார்.

வயிரவனிடம் போனேன். "போட்டுக்கங்கண்ணே."

"எனக்கெதுக்கு? சின்ன வயசுல கண்மாயில இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நீந்துனவன் நான்."

"எதைக் கட்டிக்கிட்டுப் பழகுனீக?"

"எல்லாரும் கட்டுறதுதான். குடுக்கை."

"அந்தக் குடுக்கையத்தான் இங்க சட்டையாத் தச்சு வச்சிருக்காக."

சிரித்தார். ஜாக்கெட்டைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். "சம்பந்தி போடாம நான் எப்படிப் போடுறது?"

"அவுக போடாம நான் போடுறதா? நல்லாருக்கே! மொதல்ல அவுகதான்" என்றார் சொக்கலிங்கம்.

"நீங்க பொண்ணு குடுத்தவுக. நீங்கதான்."

"நீங்க எடுத்தவுக."

வள்ளியம்மை ஆச்சி தலையில் கை வைத்தார். "பந்தியிலயும் இப்படித்தான் பாய். நீங்க, நீங்கன்னு சொல்லிச் சொல்லிச் சாம்பாரு ஆறிப்போச்சு."

அஸ்மான் வானத்தைப் பார்த்தார். நீர் இறங்கும் நேரம் நெருங்குகிறது. இன்னும் தாமதித்தால் காட்டுக்குள் படகு தரை தட்டும். எனக்குக் கல்யாண வீடுதான் ஞாபகம் வந்தது. "அண்ணே, மாலை மாத்துற மாதிரி மாத்திக்கங்க. அவுகளுக்கு நீங்க போட்டுவிடுங்க, ஒங்களுக்கு அவுக போட்டுவிடட்டும். ஒரே நேரத்துல."

உடனே மாப்பிள்ளை வாயாலேயே நாயனம் ஊத ஆரம்பித்தான். சம்பந்திகள் இருவரும் வெட்கத்தோடு ஒருவருக்கொருவர் ஜாக்கெட்டை மாட்டிவிட்டார்கள். அஸ்மான் ஒவ்வொருவராக வந்து கிளிப்பை மாட்டி, தோளில் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தார். காதுவரை தூக்கிக்கொண்டு வந்தால் பட்டையை இன்னும் இறுக்க வேண்டும் என்று அர்த்தம்.

அடுத்து எடை. ஆலையில் லாரி ஏற்றும்போது இரண்டு பக்கமும் சமமாக அடுக்காவிட்டால் முதல் வளைவிலேயே வண்டி படுத்துவிடும். "கனமானவுக நடுவுல, மத்தவுக ரெண்டு பக்கமும் பாதிப் பாதி. மூட்டை அடுக்குற மாதிரிதான்" என்றேன்.

"கேட்டீகளா? நம்மள மூட்டைங்குறாரு" என்றார் ஆச்சி.

"நல்ல பொன்னி மூட்டை ஆச்சி."

"நெல்லா, அரிசியா?"

"அரிசிதான் ஆச்சி. கல்லு பொறுக்குனது."

இப்படியாக, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக இரண்டு வீட்டாரும் கலந்து உட்கார்ந்தார்கள். சம்பந்தியம்மாக்கள் இருவரும் நடுப்பலகையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, கிளம்புவதற்கு முன்பே அவரவர் வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"நீயும் ஏறு, கப்பலுக்கு முன்னால் கொண்டுவந்து விடுகிறேன்" என்றார் அஸ்மான். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினேன்.

4

போகும்போது எல்லாம் நல்லபடி. செம்பருந்துகள் தலைக்கு மேலே வட்டமிட்டு இறங்கின. இரண்டு பக்கமும் வேர்கள் காலை அகட்டி நின்றன. யாராவது செல்போனைத் தூக்கிக்கொண்டு எழப் போனால் அஸ்மான் "டூடோக்!" என்பார், நான் "உக்காருங்க" என்பேன். பத்துத் தடவை சொன்னதும் ஆச்சியே "டூடோக், டூடோக்" என்று மற்றவர்களை அதட்ட ஆரம்பித்தார்.

நடுவில் மரப்பலகையில் மிதக்கும் மீன் பண்ணை ஒன்று. அங்கே இறங்கி மீனுக்கு இரை போட்டார்கள், இளநீர் குடித்தார்கள். வெயிலுக்கு ஜாக்கெட்டைக் கழற்றலாமா என்று வயிரவன் கேட்டார். அஸ்மான் கூடாது என்று தலையை ஆட்டிவிட்டார். பலகை நனைந்திருக்கிறது, சுற்றிலும் ஆழம்.

திரும்ப ஏறும்போதுதான் நடந்தது. எல்லோரும் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. கடைசியாக வயிரவன். ஒரு கால் படகின் விளிம்பில், இன்னொரு கால் பலகையில். அவர் வருவதைப் பார்த்த சொக்கலிங்கம் எழுந்தார். பெரியவர் எழுந்தால் மற்றவர்கள் உட்கார்ந்திருக்க முடியுமா? பெண் வீட்டார் அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல எழுந்தார்கள். வரவேற்கிற முகத்தோடு எல்லோரும் அவர் பக்கமாக ஓரடி வேறு வைத்தார்கள்.

படகு உருண்டு பலகையைவிட்டு விலகியது. வயிரவனின் இரண்டு கால்களும் இரண்டு ஊருக்குப் போயின. நடுவில் விழுந்தார்.

வெள்ளை வேட்டி குடை மாதிரி விரிந்தது. தலை உள்ளே போய், அடுத்த மூச்சில் ஆரஞ்சுப் பந்து மாதிரி மேலே வந்தது. நீரோட்டம் அவரைப் படகின் பின்பக்கம், எஞ்சினை நோக்கி இழுத்தது. அஸ்மான் அவரைப் பார்க்கவே இல்லை. முதலில் எஞ்சினை அணைத்தார். பிறகுதான் திரும்பினார். அது ஓடிக்கொண்டே இருந்திருந்தால் வேட்டி எஞ்சின் காற்றாடியில் சுற்றியிருக்கும். வேட்டியோடு ஆளும் போயிருப்பார்.

"ஐயையோ, சம்பந்தி!" என்று சொக்கலிங்கம் குதிக்கப் போனார். பின்னாலேயே எல்லோரும் அந்தப் பக்கம் பாய, விளிம்பு தண்ணீரைத் தொட்டது. இன்னும் ஒரு ஆள் சாய்ந்தால் அத்தனை பேரும் வயிரவன் தலைமேல்தான். நான் சொக்கலிங்கத்தின் ஜாக்கெட்டைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன்.

"உக்காருங்கடா எல்லாரும்!"

பெரியவர், ஆச்சிமார், புதுப்பெண் என்று பார்க்கவில்லை. அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே 'டா'. அதிர்ச்சியில் எல்லோரும் பொத்தென்று உட்கார்ந்தார்கள். படகு ஆடி ஆடி நிமிர்ந்தது.

வயிரவன் கையைக் காலை அடித்துக்கொண்டிருந்தார். கண்மாயில் நீந்திய கை இப்போது வேட்டியில் சிக்கியிருந்தது. "நீந்தாதீகண்ணே! குடுக்கை கட்டுன மாதிரி சும்மா மல்லாந்து கெடங்க! அது தூக்கும்!" என்று கத்தினேன். என்னைப் பார்த்தார். நம்பலாமா என்று ஒரு பார்வை. பிறகு கைகளை விட்டார். மிதந்தார். அஸ்மான் கயிறு கட்டிய வளையத்தை அவர் நெஞ்சுக்கு நேராக எறிந்தார். பக்கவாட்டில் தூக்கினால் படகு மறுபடியும் சாயும் என்பதால் பின்னால் இருந்த ஏணிவரை மெல்ல இழுத்து, அதன் வழியாக ஏற்றினோம். வேட்டி மட்டும் மீன்களோடு போய்விட்டது. நல்லவேளை, உள்ளே அரைக்கால் சட்டை போட்டிருந்தார்.

5

தண்ணீர் சொட்ட நடுப்பலகையில் உட்கார்ந்தார். பெண் வீட்டார் முகத்தில் ரத்தமே இல்லை. கல்யாணமாகி ஒரு மாதத்தில் சம்பந்தியைக் கடலில் தள்ளியாயிற்று. மெய்யம்மை உதட்டைக் கடித்துக்கொண்டு மாமனாரையே பார்த்தாள். அவர் வாயிலிருந்து வரப்போகும் ஒரு சொல்லில் அவள் காலம் முழுவதும் கிடந்தது. சொக்கலிங்கம் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு, மன்னிப்புக் கேட்க எழுந்தார்.

"எந்திரிக்காதீக!" வயிரவன் போட்ட சத்தத்தில் பருந்து பறந்தது. "யாரும் எந்திரிக்காதீக! ஒங்க மரியாதையிலதான் நான் உள்ள போனேன். இன்னொரு மரியாதையை ஒடம்பு தாங்காது!"

முதலில் சிரித்தது மெய்யம்மை. பிறகு படகே சிரித்தது. ஆச்சி சிரித்துக்கொண்டே அழுதார். மொழி புரியாத அஸ்மானும் சிரித்தார்.

வயிரவன் என் பக்கம் திரும்பினார். "பாய், 'டா' போட்டீகளே, அதுல நானும் உண்டா?"

"நீங்க தண்ணிக்குள்ள இருந்தீகண்ணே. ஒங்களுக்கு இல்ல."

"அது சரி. ஒங்க ஜாக்கெட் எங்க?"

குனிந்து பார்த்தேன். நெஞ்சில் பைதான் இருந்தது. ஊருக்கெல்லாம் மாட்டிவிட்டு நான் போடவே இல்லை. அஸ்மானும் அப்போதுதான் பார்த்தார். அவர் சிரிப்பு நின்றது. மீதமிருந்த ஒன்றை எடுத்து என் மடியில் போட்டார்.

கரையில் மாப்பிள்ளை எல்லோருக்கும் காப்பி வாங்கிவந்தான். பூப்போட்ட துண்டு ஒன்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு வயிரவன் நடந்து வந்தார். பெஞ்சியில் இருந்தவர்கள் எழப்போய், பாதியில் நின்று, அவரைப் பார்த்தார்கள்.

"இங்க எந்திரிக்கலாம்" என்றார்.

மாலைக் கப்பல் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. வெறுங்காலோடு வீட்டுக்குத் திரும்பினேன். ருகையா பையைத் திறந்து பார்த்தாள். "சட்டைகூட அழுக்காகலையே!" நடந்ததைச் சொன்னேன். நூரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அந்த வேட்டி கெடச்சுச்சா அத்தா?" என்றாள். படகில் ஏற்ற இவளைவிட நல்ல ஆள் கிடையாது என்று சொன்னேன். தன்னைப் பாராட்டுகிறேனா திட்டுகிறேனா என்று பார்த்தாள். பாராட்டினேன் என்று தெரிந்ததும், உட்கார்ந்த இடத்திலிருந்தே சலாம் போட்டாள். அந்த முள்ளைத் தேடிப் பார்த்தேன், காணவில்லை.

இருட்டுவதற்கு முன் அஸ்மான் வந்தார். பள்ளி விடுமுறை தொடங்குகிறது, இந்தியாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள், கையை ஏற்றி இறக்கி மாளாது என்றார். என் அனுமதியில் வேலை இடத்தை மாற்ற எந்த கவுண்டரில் நிற்க வேண்டும் என்பதையும் விசாரித்துக்கொண்டே வந்திருந்தார். "காலையில் அங்கே எழுதிக் கொடுத்துவிட்டு நேராகத் துறைக்கு வா."

அவர் போனதும் ருகையா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒரு எடத்துல உக்காராத மனுசனுக்கு, ஊரை உக்கார வைக்கிற வேலையா?"

6

மறுநாள் காலை அந்த கவுண்டரில் நின்றுவிட்டு, ருகையாவின் அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு துறைக்குப் போனேன். அஸ்மான் வானத்தைப் பார்த்தார், எஞ்சினைத் தட்டிப் பார்த்தார், கயிற்றையும் வளையத்தையும் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். ஒரு ஜாக்கெட்டை எறிந்து, "முதலில் நீ" என்றார். போட்டு, கிளிப்பை மாட்டினேன். தோளைப் பிடித்து இழுத்துச் சோதித்தார். வேலையில் சேர்ந்தது அப்படித்தான்.

முதல் சவாரிக்கு ஒரு தெலுங்குக் குடும்பம். எல்லோருக்கும் ஜாக்கெட் மாட்டி, இரண்டு பக்கமும் சமமாக அடுக்கினேன். கடைசியாக, வெள்ளைத் தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் பலகையில் மெல்ல வந்தார். உள்ளே இருந்தவர்களின் முழங்கால்கள் நிமிர்வதைப் பார்த்தேன். பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையைக் கீழ்நோக்கி அமர்த்திக் காட்டி, இந்த முறை மரியாதையாகவே சொன்னேன்:

"உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். படகு அசையவில்லை. பெரியவர் ஏறினார்.